முதலாளிக்கு வாய் கிடையாது

நாய்க்கு வாய் இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் நாயிடம் கடிபட்டவன் சிரிப்பான், நாய் வளர்ப்பவன் முறைப்பான். வாயில்லா ஜீவன்கள் கண்ணிய வாரியம் மட்டும் ஒரு கோப்பைத் திறக்கும். அப்படித் திறந்த ஒரு கோப்பின் கதையைத்தான் சொல்லப்போகிறேன். சாப்பிட்ட கையோடு படிக்க உட்கார்ந்தவர்கள் கொஞ்ச நேரம் கழித்துப் படிப்பது நல்லது. எனக்கே பாதி வழியில் குமட்டியது.

சினிமா ஸ்டுடியோ ஒன்றில் தச்சர் ஒருவர் இருந்தார். ஏறினால் எங்கும் போகாத மாடிப்படி, திறந்தால் அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லாத கதவு, தட்டினால் பொத்தென்று கேட்கும் கருங்கல் தூண் என்று இருபத்தாறு வருஷமாகச் செய்துகொண்டிருந்தவர். பொய்ப் பொருளைக்கூட நாணயமாகச் செய்து பழகிய மனிதர். அரசாங்க முத்திரை குத்திய காகிதம் என்றால் அதில் இருப்பதெல்லாம் உண்மை என்று நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

அவருடைய நாய்க்கு முதலாளி என்று பெயர். யாரும் யோசித்து வைத்ததில்லை. குட்டியாகப் பட்டறைக்குள் நுழைந்த அன்றே, ராஜா படத்துக்காகச் செய்து வைத்திருந்த சிம்மாசனத்தில் ஏறிப் படுத்துவிட்டது. "முதலாளி வந்துட்டாருப்பா, எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்று யாரோ கிண்டலடிக்க, அதுவே நிலைத்துவிட்டது. பத்து வருஷம் ஓடியும் முதலாளிக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான். மரம் இழைக்கும்போது சுருள் சுருளாக விழுமே, அதை வாயில் போட்டு மென்றுகொண்டே இருக்கும். விழுங்காது, துப்பாது, சும்மா மெல்லும். அதே ஸ்டுடியோவில் நடிகர்களுக்குத் துணி தைக்கிற தச்சரின் மனைவி, பட்டறைப் பக்கம் வரும்போதெல்லாம் அதன் தாடையைப் பிளந்து, விரலை விட்டுச் சுருளை வெளியே எடுப்பாள்.

"கண்டதையும் வாயில வைக்காதன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது?"

முதலாளி தலையைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் அடுத்த சுருளைக் கவ்விக்கொள்ளும்.

இந்தப் பழக்கம்தான் வினையாகப் போயிற்று. அந்த வருஷம் ஸ்டுடியோவில் ஒரு படம் எடுத்தார்கள். குடும்பத்தோடு பார்த்துச் சிரிக்கிற மர்மப் படம். ஒரு வீட்டில் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிற நேரத்தில் வைர மோதிரம் காணாமல் போகிறது. வீட்டு ஆட்கள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுச் சட்டையைப் பிடிக்க, அந்த வீட்டு நாயும் பூனையும் கிளியும் மனிதர்களைப் போலப் பேசிக்கொண்டு, துப்புத் துலக்கி, கடைசியில் திருடனைக் கண்டுபிடிக்கின்றன. துப்பறியும் நாயாக நடிக்க வெளியூரிலிருந்து ஒரு பயிற்சி பெற்ற நாயை வரவழைத்தார்கள். தனி அறை, தனிச் சமையல், மின்விசிறிக்குப் பக்கத்தில் மெத்தை, எல்லாம் உண்டு. வாயைத் திறப்பதைத் தவிர மற்றதையெல்லாம் அது செய்தது. நான்காம் நாள் தலையில் அடித்துக்கொண்டு பட்டறைப் பக்கம் ஒதுங்கிய டைரக்டர், சிம்மாசனத்தில் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்த முதலாளியைப் பார்த்தார்.

"யோவ், இது பேசுதுய்யா!"

அவ்வளவுதான். முதலாளி கதாநாயகன் ஆகிவிட்டது. வாயில் ஒரு சுருளைப் போட்டு கேமரா முன்னால் உட்கார வைத்தால் ஏழு நிமிஷம் விடாமல் வசனம் பேசுவது போலவே இருக்கும். குரல் கொடுத்தவர் ஓர் ஒல்லி மனிதர். ஆள் ஈர்க்குச்சி, குரல் மட்டும் அடிவயிற்றிலிருந்து உருண்டு வரும். ஸ்டுடியோவில் அவரைப் பீப்பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். நாயின் வாயும் பீப்பாயின் குரலும் அப்படிப் பொருந்திப் போயின. தச்சரின் எட்டு வயது மகள் ஒத்திகைக் காட்சி பார்த்துவிட்டு வந்து, "இத்தனை நாள் நம்ம கிட்ட ஏன் பேசல?" என்று முதலாளியோடு ஒரு நாள் முழுக்க டூ விட்டாள்.

படம் முடிந்தது. மிருகங்கள் வருகிற படம் என்றால் தியேட்டருக்குப் போவதற்கு முன்னால் வாயில்லா ஜீவன்கள் கண்ணிய வாரியத்தின் சான்றிதழ் வேண்டும். பூனையும் கிளியும் கம்ப்யூட்டரில் வரைந்தவை என்பதால் அவற்றுக்குத் தொல்லையில்லை. உயிருள்ளது முதலாளி மட்டும்தான். உரிமையாளர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், நாயையும் காட்ட வேண்டும் என்று சொன்னார்கள். "போனதும் குத்திக் கொடுத்துடுவாங்க, ஒரு டீ குடிக்கிற நேரம்தான்" என்று ஸ்டுடியோ மேனேஜர் சொல்ல, தச்சர் முதலாளியைக் குளிப்பாட்டி, கழுத்தில் புதுப் பட்டை மாட்டி அழைத்துப் போனார்.

வாரியம் மூன்று மாடிக் கட்டடம். வாசலில் புறாவுக்குத் தண்ணீர் வைக்கிற கல்தொட்டி ஒன்று உண்டு. அதில் தண்ணீருக்குப் பதிலாகச் சிகரெட் துண்டுகள் கிடந்தன. உள்ளே சுவர் முழுக்க மான், முயல், யானை என்று படங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ‘உனக்காக நாங்கள் பேசுகிறோம்’ என்று எழுதியிருந்தது. தட்டச்சு செய்கிற ஓர் அம்மாள் நிமிர்ந்து பார்க்காமலேயே படிவத்தை நீட்டினார். ஏழாவது கேள்வி: ‘மேற்படி விலங்கு வாயில்லா ஜீவனா? ஆம் / இல்லை.’

நாயைப் பார்த்து வேறென்ன சொல்வது? தச்சர் ‘ஆம்’ என்பதில் கோடு போட்டுக் கையெழுத்திட்டார்.

வாரியத் தலைவரின் அறையிலேயே படம் போட்டுக் காட்டினார்கள். தலைவர் கனத்த மனிதர். அவருடைய நாற்காலி மாட்டுத்தோல், செருப்பு முதலைத்தோல், கைப்பையின் தோல் என்னவென்று தச்சரால் கண்டுபிடிக்க முடியவில்லை. படம் ஓடுவதற்கு முன்னால் ஒரு சின்ன உரை ஆற்றினார்.

"நான் சின்ன வயசுலேர்ந்தே மிருகங்கன்னா உயிரை விடுறவன். எங்க வீட்டு ஹால்ல வந்து பாருங்க, முப்பது மான்கொம்பு மாட்டியிருக்கேன். இந்த நாற்காலியில பன்னிரண்டு வருஷம் இருந்துட்டேன். இதுவரைக்கும் ஒரு மிருகம், ஒரே ஒரு மிருகம், எங்க மேல புகார் கொடுத்திருக்கான்னு கேளுங்க. கிடையாது! அப்படி ஒரு நேர்மை."

பக்கத்திலிருந்த செயலாளர் கை தட்டினார். தச்சரும் தட்டினார். முதலாளி கொட்டாவி விட்டது.

படத்தின் முதல் பாதியில் ஒரு காட்சி. வீட்டில் எல்லோரும் மோதிரத்தைத் தேடிக்கொண்டு நாய்க்குச் சாப்பாடு போட மறந்துவிடுகிறார்கள். நாய் பூனையிடம் சொல்கிறது: "ரெண்டு நாளா ஒரு வாய் சோறு போட இந்த வீட்டுல ஆளில்லை. இதுல நான் திருடனை வேற பிடிக்கணுமாம்!"

செயலாளர் வாய்விட்டுச் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"நிறுத்துங்க" என்றார் தலைவர். "இப்ப அது என்ன சொல்லிச்சு?"

"ரெண்டு நாளா பட்டினின்னு சொல்லிச்சு சார்" என்றார் செயலாளர்.

"யார் சொன்னது?"

"நாய்தான் சார்."

தலைவர் தச்சரின் பக்கம் மெதுவாகத் திரும்பினார். "ஏழாவது கேள்விக்கு என்னய்யா எழுதியிருக்க? வாயில்லா ஜீவன்னு எழுதியிருக்க. இது வாயைத் திறந்து, என் கண்ணு முன்னால, உன் மேல புகார் சொல்லுது. அரசாங்கத்துக்கிட்டயே பொய்யா?"

"ஐயா, அது படம்ங்க. குரல் வேற ஆள் கொடுத்ததுங்க. இது மரச்சுருளை மெல்லும், அவ்வளவுதான்" என்று தச்சர் பதறினார்.

"சோறு போடாம மரத்தையா மெல்ல விட்ட?" தலைவரின் குரல் தழுதழுத்தது. கைக்குட்டையை எடுத்துக் கண்ணோரம் ஒற்றிக்கொண்டார். "எழுதுங்க செயலாளர். இந்த வாரிய வரலாற்றுல முதல்முறையா ஒரு ஜீவன் தன் வாயாலேயே வாக்குமூலம் கொடுத்திருக்கு. உரிமையாளர் கொடுமை பண்றார். விசாரணை முடியிற வரைக்கும் அதை நம்ம கண்ணியக் காப்பகத்துல வைங்க."

தச்சர் கெஞ்சினார், கும்பிட்டார். புதுப் பட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு வாரியத்துக் கயிற்றை மாட்டினார்கள். முதலாளி போகும்போது வாலை ஆட்டிக்கொண்டே போனது. யாரோ எங்கேயோ கூட்டிப்போகிறார்கள் என்கிற சந்தோஷம் அதற்கு. ஒரு டீ குடிக்கிற நேரத்துக்காகப் போனவர் வெறும் கழுத்துப் பட்டையோடு வீடு திரும்பினார். மகள் முதலாளியின் தட்டைக் கழுவி வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

மூன்றாம் நாள்தான் பார்க்க அனுமதி கிடைத்தது. கட்டடத்துக்குப் பின்னால் குப்பைத்தொட்டிகளைத் தாண்டினால் காப்பகம். வரிசையாகக் கம்பிக் கூண்டுகள். மற்றவையெல்லாம் காலி. பதினொன்றாம் எண் கூண்டில் முதலாளி படுத்திருந்தது. தச்சரைப் பார்த்ததும் எழுந்தது, எழுந்த வேகத்தில் பின்னங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது. விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது.

கூண்டுக்கு எதிரே ஸ்டூலில் காவலாளி உட்கார்ந்து பாலில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு அவித்த முட்டை.

"என்னங்க இது? நாய்க்குச் சாப்பாடு போடலையா?"

"போடாம? தினமும் மூணு வேளையும் வருது. அரை லிட்டர் பால், ரொட்டி, ரெண்டு முட்டை. ஆனா ரூல் ஒண்ணு இருக்கு பாருங்க. வாயில்லா ஜீவனா இருந்தா முன்னால வச்சுட்டுப் போயிடலாம். இது வாயுள்ள ஜீவன்னு தலைவரே எழுதிட்டாரு. வாயுள்ளவங்க வாயால கேட்டாத்தான் போடணும். நானும் ஒவ்வொரு வேளையும் வந்து, ‘சாப்பிடுறியா?’ன்னு மரியாதையாத்தான் கேக்கறேன். பதிலே சொல்ல மாட்டேங்குது. ‘உணவு மறுத்தது’ன்னு எழுதிக்கறேன்." ஓரமாகத் தொங்கிய நோட்டைக் காட்டினார். ஒன்பது வேளைக்கும் ஒரே வாக்கியம், அழகான கையெழுத்து.

"அப்ப அந்தச் சாப்பாடு?"

"வீணாக்கக் கூடாதுன்னு சர்க்குலர் இருக்கு." காவலாளி விரலில் வழிந்த பாலை நக்கிக்கொண்டு இரண்டாவது முட்டையை உரித்தார். அந்த விரலையும் நாக்கையும் தச்சர் பார்த்துக்கொண்டே நின்றார். பிற்பாடு பல நாள் முட்டையைக் கண்டாலே அவருக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது.

ஆனால் மனிதர் தச்சராயிற்றே. கண் கூண்டுக் கதவின் மேல் போனது. தாழ்ப்பாள் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "இது விழுந்தா உங்க வேலை போயிடும்ங்க. நான் சரிபண்ணித் தரவா? காசெல்லாம் வேணாம்" என்றார். காவலாளிக்குக் கசக்குமா? மறுநாள் முதல் தச்சர் கருவிப் பெட்டியோடு வந்தார். இழைப்புளிக்கு அடியில் ரொட்டித் துண்டுகள். திருகாணியைத் திருகுகிற சாக்கில் ஒவ்வொன்றாகக் கம்பிக்குள்ளே தள்ளுவார். காவலாளி கண்ணயர்ந்த நேரம் பார்த்துத் தள்ள வேண்டும். ஒரு நாளைக்கு நாலு துண்டு போனால் பெரிது. ஐந்து நிமிஷ வேலையை ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தார். வாரியத்தில் அதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை.

இதற்கிடையில் பீப்பாயைக் கூட்டிக்கொண்டு தலைவரிடம் போனார். குரல் கொடுத்தவரே வந்து சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு. முதலாளியையும் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார் தலைவர்.

"ஐயா, அது நான் பேசினதுங்க. நாய் பேசலை. வேணும்னா இப்பவே பேசிக் காட்டறேன்" என்றார் பீப்பாய்.

"பேசு பார்ப்போம்."

பீப்பாய் நாயைப் பார்த்தார். குழிந்த கண்ணையும் ஒட்டிய வயிற்றையும் பார்த்தவருக்கு படத்து வசனம் மறந்துபோனது. அடிவயிற்றிலிருந்து வந்தது: "எனக்குச் சோறு போடுங்கடா, பாவிங்களா!"

அந்த நேரம் பார்த்து முதலாளியின் கடைவாயில் பழைய சுருள் ஒன்று அகப்பட்டிருக்க வேண்டும். வாய் அசைந்தது. வார்த்தைக்கு வார்த்தை பொருந்தியது.

தலைவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"டா போடுது சார்" என்றார் செயலாளர்.

"ஐயய்யோ, நான்தாங்க சொன்னேன்!" என்று பீப்பாய் தன் சொந்தக் குரலில் அலறியதை யாரும் கேட்கவில்லை.

தலைவரின் முகம் கறுத்தது. "அரசாங்க அதிகாரியை நாய், டா போட்டுப் பேசுது. நாம கண்ணியம் கண்ணியம்னு உயிரைக் கொடுக்கறோம், அதுக்கு இதுதான் நன்றியா? என்ன வாய்க்கொழுப்பு! எழுதுங்க, எழுதுங்க. நாய்க்கு வாய்க்கொழுப்பு அதிகம்."

செயலாளர் எழுதினார். எழுதியது வாரியத்தின் கால்நடை டாக்டரிடம் போனது. டாக்டர் கோப்பில் உள்ளதைத்தான் பார்ப்பார், மிருகத்தைப் பார்ப்பதில்லை. ‘வாயில் கொழுப்பு அதிகம்’ என்று படித்துவிட்டு, ‘கொழுப்பு கரையும்வரை உணவைப் பாதியாகக் குறைக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். தச்சர் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு டாக்டரின் அறைக்கு ஓடினார்.

"ஐயா, அதுக்கு ஒண்ணுமே போடறதில்லைங்க. ஒண்ணுமில்லாததுல பாதி எவ்வளவுங்க?"

டாக்டர் சற்று யோசித்தார். "அது நிர்வாகப் பிரிவு. மாடியில கேளுங்க."

மாடியில் கேட்டால் விசாரணையை அடுத்த மாதத்துக்குத் தள்ளியிருக்கிறோம், வாய்தா வாங்கியாயிற்று என்றார்கள். யார் வாங்கினது என்று கேட்டதற்கு, நாய் ஆட்சேபிக்கவில்லை என்றார்கள். அடுத்த மாதம்வரை நாலு ரொட்டித் துண்டில் அது உயிரோடு இருக்காது என்பது தச்சருக்குத் தெரியும். அன்று தள்ளிய துண்டுகளில் ஒன்றைக் கவ்வக்கூடத் தெம்பில்லாமல் முதலாளி அதன்மேல் மூக்கை வைத்துப் படுத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவப் போய்க்கொண்டிருந்த தட்டச்சு அம்மாள் அவர் பக்கத்தில் நின்றார். இத்தனை நாளில் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான்.

"அண்ணே, இங்க வந்து நியாயம் பேசிட்டிருக்கீங்களே. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்கிறதெல்லாம் அந்த கேட்டுக்கு வெளியிலதான். அதுக்கு வாய் இருக்குன்னு எழுதினதாலதானே உள்ள வச்சிருக்காங்க? வாய் இல்லைன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிடுங்க. விட்டுடுவாங்க."

"வாய் இல்லைன்னா? யாரும்மா நம்புவாங்க?"

"நம்பறதுக்கு யாருண்ணே இங்க இருக்கா? கையெழுத்துப் போடறதுக்குத்தான் ஆள் இருக்கு."

ஆனால் சான்றிதழுக்கு ஒரு நிபந்தனை. படத்தில் நாய் பேசக் கூடாது. தச்சர் டைரக்டரின் காலில் விழாத குறையாகக் கேட்டார். டைரக்டர் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டார்.

"கடைசி சீன்ல ஏழு நிமிஷம், நாய் எழுந்து நின்னு, ‘மோதிரத்தை எடுத்தது வேற யாருமில்லை, மாப்பிள்ளையோட மாமாதான்’னு புட்டுப் புட்டு வைக்கணும்யா. அதைப் பேசலைன்னா திருடன் யாருன்னு எவனுக்குத் தெரியும்?"

"தெரியலைன்னா இன்னும் நல்ல மர்மப் படம்" என்றார் மேனேஜர். ரிலீஸ் தேதியைச் சுவரெல்லாம் ஒட்டியாகிவிட்டது, அவர் கவலை அவருக்கு.

டைரக்டர் கையிலிருந்த வசனத் தாளைக் கசக்கிப் போட்டார். பிறகு, "அந்த நாய் என்னை நம்பி மென்னுச்சு. வெட்டித் தொலைங்க" என்று எழுந்து போனார். பீப்பாயின் குரல் முழுவதும் அழிக்கப்பட்டது. படத்தில் முதலாளி வாயை அசைக்கும், சத்தம் வராது.

மறுநாள் டாக்டர் முதல்முறையாகக் காப்பகத்துக்கு வந்தார். மூக்கில் கைக்குட்டை. கையுறை மாட்டிக்கொண்டு முதலாளியின் தாடையைப் பிளந்தார். மேலே எத்தனை பல், கீழே எத்தனை பல் என்று பார்த்தார், நாக்கை இழுத்துப் பார்த்தார், அண்ணத்தில் ஒட்டியிருந்த சுருளை எடுத்துப் போட்டார். முழங்கைவரை எச்சில் வழிந்தது. துடைத்துக்கொண்டு எழுதினார்: ‘நேரில் முழுமையாகப் பரிசோதித்ததில் மேற்படி நாய்க்கு வாய் எதுவும் காணப்படவில்லை.’ செயலாளர் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதினார். தலைவர் பச்சை மையில் கையெழுத்திட்டார்.

"கூட்டிட்டுப் போகலாம்ங்களா?" என்றார் தச்சர். கயிறு கையிலேயே இருந்தது.

"என்னய்யா அவசரம்? வாரியம் ஒரு ஜீவனைக் காப்பாத்தியிருக்கு. அதை உலகம் பார்க்க வேண்டாமா? நாளைக்கு விழா. மேடையில வச்சு ஒப்படைக்கிறோம்."

"ஐயா, வாய் இல்லைன்னு எழுதியாச்சு. இன்னிக்காவது முன்னால சோறு வைக்கச் சொல்லுங்க."

"நாளைக்கு மேடையில நானே என் கையால ஊட்டுவேன். போட்டோகிராபர் வர்றாரு. அதுவரைக்கும் பசியோட இருந்தாத்தான் ஆசையா சாப்பிடும், படம் நல்லா விழும்." இதைத் தலைவர் மிகவும் கனிவாகச் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்த தச்சர் மனைவியிடம் இதை அப்படியே சொன்னார். அவள் தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "த்தூ! இவனெல்லாம் சோத்தைத்தான் தின்னு வளர்ந்தானா?" என்றாள். அப்புறம் தையல் மிஷினில் அவள் கால் ஓடவே இல்லை.

விழா காலையில் நடந்தது. குடும்பம் குடும்பமாக ஆட்களை அழைத்திருந்தார்கள். முதலில் படத்தின் கடைசிக் காட்சியைத் திரையிட்டார்கள். நாய் எழுந்து நின்று ஏழு நிமிஷம் சத்தமில்லாமல் வாயை அசைத்தது. மாப்பிள்ளையின் மாமா காரணமே தெரியாமல் அழுதார். போலீஸ்காரர் காரணமே தெரியாமல் அவருக்கு விலங்கு மாட்டினார். மோதிரம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் புரியவில்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை, "நாய் என்னப்பா சொல்லுது?" என்று கேட்க, அதன் அப்பா, "சத்தம் போடாதே" என்றார்.

தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"அன்பானவர்களே! என்ன ஒரு ஆழமான அமைதி பார்த்தீங்களா? இந்த அமைதியைக் கொண்டுவர நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். இந்த நாய் பன்னிரண்டு நாள் எங்க விருந்தாளியா இருந்தது. வந்தப்ப நிறைய பேசிச்சு. இப்ப பாருங்க, ஒரு வார்த்தை பேசுதா? அந்த அளவுக்குத் திருப்தியா இருக்கு! வாயில்லாத ஜீவன்களுக்கு வாயா இருக்கறதுக்குத்தான் இந்த வாரியம். அதுங்களுக்கே வாய் வந்துட்டா அப்புறம் நாங்க எதுக்கு?"

கைதட்டல். சான்றிதழைத் தச்சரிடம் கொடுத்தார். பச்சைக் கையெழுத்து, மூன்று முத்திரை. தச்சர் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். தலைவர் நாயின் கழுத்தில் ஒரு பதக்கத்தை மாட்டினார். அந்தக் கனத்துக்கே முதலாளியின் தலை தாழ்ந்தது.

பிறகு தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, மண்டி போட்டு, முதலாளியின் மூக்குக்கு நேராக நீட்டினார். முதலாளி வாயைத் திறந்தது.

"சார், ஒரு நிமிஷம், வெளிச்சம் சரியில்லை" என்றார் போட்டோகிராபர். தலைவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

மறுபடி நீட்டினார். முதலாளி வாயைத் திறந்தது. "சார், முகத்தை இந்தப் பக்கம் கொஞ்சம்." மறுபடி இழுத்துக்கொண்டார்.

மூன்றாம் தடவை நீட்டினார். கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். "சார், இன்னும் கொஞ்சம் சிரிங்க."

பன்னிரண்டு நாள் பட்டினி கிடந்த நாய்க்கு எது பிஸ்கட், எது விரல் என்று பிரித்துப் பார்க்கப் பொறுமை இருக்குமா? இரண்டையும் சேர்த்துக் கவ்வியது. இருந்த தெம்பையெல்லாம் தாடையில் வைத்துக் கவ்வியது.

தலைவர் போட்ட கூச்சலில் மைக் கிறீச்சிட்டது. கையை உதறி விடுவித்துக்கொண்டு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு விரலில் நாலு ஓட்டை. "கடிச்சிடுச்சு! கடிச்சிடுச்சு! டாக்டரைக் கூப்பிடுங்க!"

டாக்டர் ஓடிவந்தார். காயத்தைப் பார்த்தார், தச்சரின் சட்டைப் பையைப் பார்த்தார், தயங்கினார். "மருந்து போடணும்னா என்ன காயம்னு எழுதணும் சார். நாய்க்கடின்னு எழுதினா நேத்து நான் எழுதினது பொய்யாயிடும். நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"கடிச்சதை ஊரே பார்த்துச்சேய்யா!"

"பார்த்துச்சு சார்" என்றார் செயலாளர். அவர் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்திருந்தார். "ஆனா கோப்புல வாய் இல்லையே. வாய் இல்லாதது கடிச்சுதுன்னா உங்களுக்குத்தான் சார் விசாரணை வரும். ‘தலைவரின் விரலில் தானாகவே நான்கு துளைகள் ஏற்பட்டன’ன்னு போட்டுடலாமா?"

தலைவர் ரத்தம் வழியும் கையைத் தச்சரின் பக்கம் நீட்டினார். "யோவ்! உன் நாய்தானே? நீ சொல்லுய்யா! இது என்னைக் கடிச்சுதா இல்லையா?"

தச்சர் இந்தப் பன்னிரண்டு நாளில் வாரியத்தில் நிறைய கற்றுக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்த காகிதத்தை விரித்து, ஒரு தடவை நிதானமாகப் படித்துவிட்டு, மடித்து வைத்துக்கொண்டார்.

"எதால கடிச்சுதுங்க?" என்று கேட்டார்.

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. பதக்கத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். முதலாளியைத் தோளில் தூக்கிக்கொண்டார். இழைத்துப் போட்ட சுருள் போல லேசாக இருந்தது. யாரும் தடுக்கவில்லை, தடுப்பதற்கு என்ன காரணம் எழுதுவது என்று செயலாளர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் மகள் தட்டோடு நின்றிருந்தாள். சோற்றைக் குழைய வடித்துப் பால் விட்டுப் பிசைந்து வைத்திருந்தாள். முதலாளியைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஓடிவந்து கட்டிக்கொண்டாள். முதலாளி தட்டைப் பார்த்து வாலை ஒரே ஒரு தடவை ஆட்டியது.

"இரு, இரு, முதல்ல அதைக் கீழ இறக்குங்க" என்று தச்சரின் மனைவி குறுக்கே வந்தாள். முதலாளியின் உதட்டில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டாள். "என்ன இது? வாயில புண்ணா? யார் என்ன பண்ணினாங்க?"

"புண்ணெல்லாம் இல்லை. அது இதோட ரத்தமில்லை" என்றார் தச்சர். "அந்தத் தலைவரோட கை."

அவள் முகம் சுளித்த சுளிப்பை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்தாள். மகளிடமிருந்து தட்டை வாங்கி ஓரமாக வைத்தாள். முதலாளியின் தாடையைப் பிளந்து, பல்லையும் ஈற்றையும் நாக்கையும் விரல்விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மூன்று தடவை தண்ணீர் மாற்றினாள். அப்புறம் முந்தானையால் அதன் வாயைத் துடைத்து, தட்டை எடுத்து முன்னால் வைத்து, தலையில் லேசாக ஒரு தட்டு தட்டினாள்.

"கண்டதையும் வாயில வைக்காதன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது?"